இரும்பு தின்ற கறிவேப்பிலை

வெள்ளிக்கிழமை சாயங்கால பஜனையில் மூன்றாவது பாட்டு முடிந்திருந்தது. நான்காவது பாட்டை யார் எடுப்பது என்று இரண்டு மாமாக்கள் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில், விசாலம் மன்னி உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தாள்.

சத்தமே இல்லை. அவள் கையிலிருந்த ஜால்ரா மட்டும் தரையில் உருண்டு ஹார்மோனியத்துக்கு அடியில் போய் ஓய்ந்தது. கற்பூரம், ஊதுபத்தி, சுண்டல், கட்டடம் முழுவதன் வியர்வை எல்லாம் கலந்த அந்த அறையின் வாசனை இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

வேறு வீடாக இருந்தால் யாராவது முகத்தில் தண்ணீர் தெளித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் இன்னும் கொஞ்சம் கற்பூரம் ஏற்றினார்கள்.

"அம்பாள் வந்துட்டா," என்றாள் முதல் மாடி பாகீரதி மாமி. "யாரும் தொடாதீங்கோ. கேக்கறதைக் கேட்டுக்கோங்கோ."

முதலில் விழுந்து கும்பிட்டவர் இரண்டாம் மாடி ராமநாதன். ட்ராம்பே பக்கம் ஒரு விஞ்ஞான ஆபீஸுக்கு ஸ்டாஃப் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தார். அங்கே அவருக்குக் கணக்குப் பிரிவில்தான் வேலை. ஆனால் எங்கள் கட்டடத்துக்கு அவர்தான் விஞ்ஞானி.

"தாயே, இந்த வருஷமாவது ப்ரமோஷன் உண்டா?"

மன்னி பாதிக் கண் திறந்தாள். "ஜலம்..." என்றாள்.

"கேட்டேளா? குழாயில ஜலம் வரும்கறா. மூணாம் மாடிவரைக்கும் ஏறும்கறா," என்று மாமி அருள்வாக்கை மொழிபெயர்த்தாள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ப்ரமோஷன் கேட்டவருக்குக் குழாய்த் தண்ணீர் கிடைத்ததில் ராமநாதனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

நான் சுவரோரம் வயிற்றைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அப்போது நிறைமாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும். அன்றைக்கு என்னை எழுப்பிவிட ஒருவரும் இல்லை. எல்லோரும் அம்பாளிடம் க்யூவில் நின்றார்கள்.

மூன்றாம் மாடி ஆஸ்பத்திரி

மன்னி யார் என்று சொல்லாமல் மேலே போக முடியாது. என் கணவரின் அண்ணா மனைவி. பம்பாய் மாட்டுங்காவில் சர்க்கிளுக்குப் பின்புறம், இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட மூன்றாம் மாடி வீட்டில் நாங்கள் நால்வர் இருந்தோம். காலையில் அண்ணனும் தம்பியும் டிபன் டப்பாவோடு கோட்டைப் பக்கம் ரயில் ஏறிவிடுவார்கள். அதன்பிறகு வீடு மன்னியின் ராஜ்யம்.

எனக்கு அம்மா இல்லை. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே போய்விட்டாள். முதல் பிரசவத்துக்குப் போக ஒரு பிறந்த வீடு இல்லாத பெண் என்று கட்டடமே என்னைப் பார்த்து உச்சுக் கொட்டியபோது, மன்னி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "ருக்கு இங்கதான் பெத்துப்பா. நான் இருக்கேன்."

மன்னி இரண்டு பெற்று இரண்டையும் பறிகொடுத்தவள். இரண்டும் பாலக்காட்டில், அவள் பிறந்த வீட்டில். எங்கள் வீட்டில் கத்திரிக்காய் விலையைப் பேசலாம், மந்திரிகளைத் திட்டலாம், அதைப் பற்றி மட்டும் பேசக் கூடாது. எப்போதாவது அவளே ஒரு வரி சொல்வாள். "ரெண்டும் குங்குமப்பூ நிறம்டி." அவ்வளவுதான். உடனே எழுந்து போய் ஏதாவது பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள்.

அதனால் என் கர்ப்பத்தை அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். காவலுக்குத் துணையாகக் கட்டடமும் சேர்ந்துகொண்டது. பாகீரதி மாமி ஏழு பெற்றவள். அந்த ஏழையும் எம்.பி.பி.எஸ். பட்டம் மாதிரி பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளாத குறைதான்.

"ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்" என்று காலையில் ஒரு மாமி சொல்வாள். "வயித்தை ரொப்பிண்டா குழந்தைக்கு இடம் எங்கேருந்து வரும்? அரை வயிறு சாப்பிடு, சின்னதா இருந்தாத்தான் சுலபமா வெளியில வரும்" என்று சாயங்காலம் இன்னொருத்தி சொல்வாள். இரண்டுக்கும் நடுவில் நான் சமையலறையில் யாரும் பார்க்காதபோது தயிர் சாதம் சாப்பிட்டுத் தப்பித்தேன். பப்பாளி என்று வாயால் சொல்லக்கூட எனக்கு அனுமதி இல்லை. மார்க்கெட்டில் பப்பாளிக் கடையைத் தாண்டும்போது மன்னி என்னைச் சுவர்ப்பக்கம் தள்ளிக்கொண்டு நடப்பாள்.

போன வாரம் இதே பத்தியில் ரேஷன் அரிசியைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, செம்பூர் வாசகர் ஒருவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். பெரியவர்கள் சொன்னதிலெல்லாம் விஞ்ஞானம் ஒளிந்திருந்ததாம், எனக்குக் கிண்டலைத் தவிர வேறு தெரியாதாம். இருந்திருக்கலாம் ஐயா. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி ஏறி வர அந்த விஞ்ஞானத்துக்கு மூச்சு இல்லாமல் போயிருக்கும்.

கறிவேப்பிலையின் யோகம்

முனிசிபாலிட்டி பிரசவ விடுதியில் மாதாமாதம் என்னைப் பார்த்த டாக்டர் ஒரு மராட்டிக்காரப் பெண்மணி. எல்லோரும் டாக்டர்பாய் என்போம். கட்டை விரலால் கீழ் இமையை இழுத்து உள்ளே பார்ப்பார், "கூன் கம் ஹை" என்பார். ரத்தம் போதாது என்று அர்த்தம். காகிதப் பொட்டலத்தில் இரும்புச் சத்து மாத்திரை வரும்.

மாத்திரை கரும்பச்சை நிறம். நாக்கில் பட்டால் வாளிப் பிடியை நக்கியது போல ஒரு ருசி. முதல் வாரம் சமர்த்தாக முழுங்கினேன். பிறகு ஒரு நாள், சொல்லக் கூச்சமான இடத்தில் எல்லாம் கன்னங்கரேலென்று போனதைப் பார்த்துப் பயந்து மன்னியிடம் சொன்னேன். அன்று மத்தியானமே எங்கள் வீட்டில் மருத்துவ மாநாடு கூடியது.

"உள்ள போனது இப்படிக் கறுப்பா வெளியில வரதுன்னா, நடுவில இருக்கற குழந்தை என்ன நிறத்துல வரும்? நீங்களே சொல்லுங்கோ," என்றாள் பாகீரதி மாமி.

இந்தத் தர்க்கத்தை உடைக்க யாராலும் முடியவில்லை. அன்று லீவில் இருந்த ராமநாதனைக் கூப்பிட்டு அபிப்பிராயம் கேட்டார்கள். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

"இரும்பு ஈரத்துல துருப் பிடிக்கும். வயித்துக்குள்ள முழுக்க ஈரம். அதுக்கு மேல நான் சொல்றதுக்கில்லை."

விஞ்ஞானமே சொன்ன பிறகு மேல்முறையீடு ஏது? அன்றிலிருந்து மன்னி என் மாத்திரைகளை அம்மியில் நுணுக்கி, பால்கனித் தொட்டியில் இருந்த கறிவேப்பிலைச் செடிக்குப் போட ஆரம்பித்தாள். கீழே போட்டால் பாவம், சர்க்கார் கொடுத்தது. எனக்குக் குங்குமப்பூ போட்ட பால் வந்தது. விஷயம் பரவி, கட்டடத்தில் உண்டாகியிருந்த மற்ற இரண்டு பெண்களின் மாத்திரையும் எங்கள் தொட்டிக்கே வந்து சேர்ந்தது.

அந்தச் செடியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தளதளவென்று, பளபளவென்று, பால்கனிக் கம்பியைத் தாண்டி அடுத்த வீட்டுக் கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டது. மாட்டுங்கா மார்க்கெட்டில் அப்படி ஓர் இலை கிடையாது. எல்லா மாடிகளிலிருந்தும் ரசத்துக்கு ஓர் ஈர்க்கு கேட்டு வந்துவிட்டார்கள். அந்த வருஷம் எங்கள் கட்டடத்தில் சரியான கர்ப்பகால கவனிப்பு கிடைத்தது அந்தச் செடி ஒன்றுக்குத்தான்.

மன்னிக்கு பக்தி முற்றியது

இதே சமயத்தில்தான் மன்னியிடம் ஒரு மாறுதல் தெரிந்தது. விபூதி சாப்பிட ஆரம்பித்தாள்.

இட்டுக்கொண்ட பிறகு ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்வது எல்லோரும் செய்வதுதான். மன்னி முதலில் சிட்டிகையில் ஆரம்பித்தாள். அப்புறம் உள்ளங்கையில் கொட்டிக்கொண்டாள். சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, ரேடியோ கேட்கும்போது, இடுப்பில் சொருகிய பொட்டலத்தை எடுத்து வாயில் போட்டுக்கொள்வாள். அவள் பேசினால் விபூதி வாசனை வரும். பெரியவர், அதாவது அவள் கணவர், ஆபீஸிலிருந்து வரும்போது கோயிலில் நின்று பொட்டலம் பொட்டலமாக வாங்கி வந்தார். ஏன் என்று கேட்டால் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

முகமும் வெளுத்துக்கொண்டே வந்தது. "என்ன தேஜஸ் பாருங்கோ, மெழுகு மாதிரி," என்றாள் மாமி. மாடிப்படியில் நாலு படிக்கு ஒரு தரம் நின்று "முருகா" என்று மூச்சு வாங்குவாள். படிக்குப் படி நாமஜபம் பண்ணுகிறாள் என்று பேச்சு கிளம்பியது. சாப்பாடு குறைந்தது, விரதம் என்றார்கள். உட்கார்ந்த இடத்தில் கண் சொருகியது, தியானம் என்றார்கள். ஒரு மாமி தன் பேரனின் ஜுரத்துக்கு மன்னி கையால் விபூதி வாங்கிப் போனாள். ஜுரம் தானாக இறங்கியது. அதற்கப்புறம் எங்கள் வீட்டு வாசலில் செருப்புக்கு இடமில்லை.

மூன்றாம் மாடியில் என்ன தாளிக்கிறார்கள் என்று முதல் மாடியில் இருந்தே மோப்பம் பிடித்துச் சொல்லக்கூடிய பெண்கள் அவர்கள். மன்னியின் மடிசார் புடவைக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. மகான் என்று முடிவு கட்டிவிட்டார்கள், மகானுக்கு ஏது வயிறு? அதே வீட்டில் அவளோடு படுத்து எழுந்த எனக்கும் தெரியவில்லை.

குயவர் தெரு மண்

அந்த பஜனைக்கு இரண்டொரு நாள் முன்னால், பிரசவ விடுதி பெஞ்சில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். பேர் செல்லக்கனி. தாராவியில் இருக்கிறாள், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், புருஷனுக்குத் தோல் பட்டறையில் வேலை. நான் தமிழ் என்று தெரிந்ததும் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள்.

"நீங்களும் மாத்திரைக்கா வந்திய? எனக்குக் குடுத்த மாத்திரைய எங்க மாமியா கோழிக்குப் போட்டுட்டாவ. புள்ள கறுத்துருமாம்லா."

"கோழி எப்படி இருக்கு?" என்று கேட்டேன். செடி வளர்க்கிறவளுக்கு இதில் ஒரு ஆர்வம் வராதா?

"அது நல்லாத்தான் கெடக்கு. எனக்குத்தான் மேலுக்கு முடியல."

பேசிக்கொண்டே முந்தானை முடிச்சை அவிழ்த்து எதையோ ஒடித்து வாயில் போட்டுக்கொண்டாள். சுடாத மண்பானைச் சில்லு. தாராவியில் குயவர்கள் வீடு இருக்கிறதே, அந்தப் பக்கம் போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவாளாம்.

"மழ பெஞ்ச மண்ணு வாசனையா இருக்கும்க்கா. சோறு எறங்க மாட்டேங்கு, இது எறங்குது. ஒண்ணு திங்கியளா?"

டாக்டர்பாய் அவளைக் கூப்பிட்டபோது அந்தச் சில்லு வாயிலேயே இருந்தது. இமையை இழுத்துப் பார்த்தார், பக்கத்தில் நின்ற பயிற்சி நர்ஸுக்கும் காட்டினார், பிறகு வாயைத் திறக்கச் சொன்னார்.

"மிட்டி காதீ ஹை? மண் தின்கிறாயா? உடம்பில் ரத்தம் இல்லாமல் போனால் இப்படித்தான் மண், சாம்பல், சுண்ணாம்பு என்று நாக்கு கேட்கும். இதுவும் ஒரு வியாதி அடையாளம்," என்று நர்ஸுக்கு ஹிந்தியில் பாடம் நடத்தினார். எனக்கு அது யாருக்கோ சொன்னது போல இருந்தது. சாம்பல் என்ற வார்த்தை காதில் விழுந்தும், வீட்டு விபூதி ஞாபகம் வரவில்லை. விபூதியைச் சாம்பல் என்று நினைக்க நாங்கள் பழகியதில்லை.

இமைக்குள்ளே

இப்போது பஜனைக்குத் திரும்பலாம். அம்பாளிடம் மூன்றாவது கேள்வி போய்க்கொண்டிருந்தது. யாருடைய மருமகனுக்கோ மெட்ராஸ் மாற்றல் கிடைக்குமா என்பது கேள்வி. மன்னியின் கை என் பக்கம் நீண்டு தரையில் கிடந்தது. நகம் ஒவ்வொன்றும் வெளுத்துப்போய், ஓரத்தில் விபூதி ஒட்டியிருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பானைச் சில்லும் விபூதியும் ஒன்றாக வந்து மண்டையில் இடித்தன.

எழுந்திருக்க முடியாது. உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து போனேன். மாமி "தொடாதேடி" என்றாள். நான் மன்னியின் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, டாக்டர்பாய் செய்வதுபோலக் கட்டை விரலால் கீழ் இமையை இழுத்தேன். உள்ளே சிவப்பே இல்லை. வெள்ளையடித்த சுவர்தான் இருந்தது.

புடவையைத் தளர்த்தலாம் என்று இடுப்பில் கை வைத்தேன். கைக்கு அடியில் வயிறு கெட்டியாக, உருண்டையாக இருந்தது. என்ன இது என்று நினைக்கும்போதே உள்ளிருந்து ஒரு சின்ன உதை. அந்த உதை எனக்குப் புதிசில்லை. மாதக்கணக்காக நான் உள்ளிருந்து வாங்கிக்கொண்டிருந்ததுதான்.

"கற்பூரத்தை அணையுங்கோ மாமி," என்றேன். "ஜலம் கேட்டாளே, அதைக் கொண்டு வாங்கோ. மன்னி உண்டாயிருக்கா."

மன்னியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்த ராமநாதன் எழுந்து வேஷ்டியைச் சரி செய்துகொண்டார். ஜலம் வந்தது. கூட்டம் சுண்டலை வாங்கிக்கொண்டு கலைந்தது. கட்டடத்துக்கு அன்று ஒரு தெய்வம் போய், சாதாரணமாக ஒரு கர்ப்பிணி கிடைத்தாள். அந்த நஷ்டத்தை அவர்கள் எனக்கு வெகுநாள் மன்னிக்கவில்லை.

மன்னியும் மன்னிக்கவில்லை. ஜலத்தைக் குடித்து நினைவு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது இதுதான்.

"சொல்லிட்டயா? எல்லார் எதிரிலயும் சொல்லிட்டயா?"

முதல் இரண்டு தடவையும் ஊரைக் கூட்டி வளைகாப்பு, சீமந்தம் எல்லாம் தடபுடலாக நடந்ததாம். கண் பட்டுத்தான் போச்சு என்று அவளுக்கு நிச்சயம். இந்தத் தடவை புருஷனைத் தவிர ஒரு ஈ காக்கைக்கும் சொல்வதில்லை, பிறந்த பிறகுதான் சொல்வது என்று வேண்டிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் போனால் நாலு பேர் பார்ப்பார்கள், அதனால் டாக்டரிடமும் போகவில்லை. பெரியவர் மசக்கைக்காரிக்கு மாங்காய் வாங்கி வரும் பொறுப்போடு விபூதி வாங்கி வந்திருக்கிறார்.

"இதுவும் போயிடுத்துன்னா உன்னாலதான்," என்றாள் மன்னி. கோபமாகச் சொல்லவில்லை, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்

சொன்னது சொன்னதுதான், இனி மறைக்க எதுவும் இல்லை என்று மறுநாள் அவளை இழுத்துக்கொண்டு போனேன். பெஞ்சில் இரண்டு வயிறுகளாக உட்கார்ந்திருந்தோம்.

டாக்டர்பாய் இமையைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். இத்தனை மாதம் எங்கே போயிருந்தாய் என்று திட்டினார். பிறகு எழுதிக்கொண்டே முதல் குழந்தைகள் என்ன ஆயின என்று கேட்டார். மன்னிக்கு ஹிந்தி அரைகுறை. நான் நடுவில் இருந்து சொன்னேன். எட்டு வருஷம் ஒரே வீட்டில் யாரும் பேசாததை அன்று அந்த மேஜைக்கு எதிரில்தான் நானும் முதன்முதலாகக் கேட்டேன்.

முதலாவது, மாசம் முடியாமல் பிறந்தது. ஒரு கைப்பிடிதான் இருந்தது, மூன்று நாள் வைத்திருந்தார்கள். இரண்டாவது நல்ல குழந்தை. ஏழு நாள் நன்றாகப் பால் குடித்தது. எட்டாம் நாள் காலையில் வாயைத் திறக்கவில்லை. மார்பில் வைத்தால் உதடு பிரியவில்லை, அழவும் முடியவில்லை. சாயங்காலம் உடம்பு விறைத்து வளைய ஆரம்பித்தது.

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிறுத்தினார்.

"நால் பே க்யா லகாயா? தொப்புள்கொடியில் என்ன வைத்தார்கள்?"

நான் கேட்பதற்கு முன் மன்னிக்கே புரிந்துவிட்டது. "பஸ்மம்," என்றாள். "எங்காத்து விபூதி. சாணி உருட்டிச் சுட்டது. எங்கப்பா கையால இட்டார், ரக்ஷைக்கு."

பஸ்மம் என்றால் எல்லா பாஷையிலும் ஒன்றுதான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டிக்கொண்டே இருந்த மனுஷி, அப்போது மட்டும் மெதுவாகப் பேசினார்.

"இந்தக் குழந்தையை இங்கே வந்து பெற்றுக்கொள். கொடியைச் சுத்தமான கத்தரியால் நாங்கள் வெட்டுவோம். அதன் மேல் எதையும் வைக்கக் கூடாது. சாணி கூடாது, சாம்பல் கூடாது, எண்ணெய் கூடாது. தானாகக் காய்ந்து விழும். புரிந்ததா?"

எட்டாம் நாள் அந்த வாய் ஏன் பூட்டிக்கொண்டது என்று அவர் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு நடந்து வந்தோம். வழியில் பப்பாளிக் கடை வந்தது. என்னைச் சுவர்ப்பக்கம் தள்ளக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இடுப்புப் பொட்டலத்தை எடுத்து ஸ்வாமி அலமாரியில் வைத்தாள். கை கால் அலம்பினாள். பிறகு சமையலறை வாசலில் நின்று, "ருக்கு, ரெண்டு மாத்திரை எடு. உனக்கொண்ணு, எனக்கொண்ணு," என்றாள். நான் கொடுத்ததை டம்ளர் ஜலத்தோடு ஒரே மடக்கில் முழுங்கினாள்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் நாங்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து முழுங்குவோம். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கவும் ஆரம்பித்தோம். மற்ற இரண்டு பெண்களின் மாத்திரையையும் மன்னியே வீடு வீடாகப் போய்த் திருப்பிக் கொடுத்து, எதிரிலேயே முழுங்க வைத்தாள். மகானாக இருந்த செல்வாக்கில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. டாக்டர்பாய் பேச்சை நம்பாதவர்கள், விபூதி தின்றவள் பேச்சைக் கேட்டார்கள்.

கறிவேப்பிலைச் செடி மஞ்சளடித்து நின்றது. அம்பாள் இறங்கிப் போனதால் வந்த வாட்டம் என்று பாகீரதி மாமி காரணம் சொன்னாள். ராமநாதன் சூரிய ஒளி என்றார்.

எட்டாம் நாள்

முதலில் எனக்குப் பெண் பிறந்தது. முதலில் சுரக்கும் மஞ்சள் பாலைப் பீச்சிக் கொட்டிவிட்டு, சர்க்கரை ஜலமும் விளக்கெண்ணெயும் புகட்டுவதற்கு மாமி வெள்ளிக் கிண்ணத்தோடு கிளம்பியிருந்தாள். அவள் வருவதற்குள் வார்டில் இருந்த மலையாள நர்ஸ் குழந்தையை என்னிடம் குடிக்க விட்டுவிட்டாள். பம்பாய் பஸ் தாமதமாக வந்ததால் லாபம் அடைந்த ஒரே ஜீவன் என் மகள்தான்.

மழை விட்டிருந்த ஒரு காலையில் மன்னிக்கு ஆண் குழந்தை பிறந்தது. கத்தரியால் வெட்டினார்கள், எதையும் வைக்கவில்லை. வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

எட்டாம் நாள் எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்கவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, யாருக்கும் தோன்றவில்லை. பெரியவர் ஆபீஸ் போகாமல், தலைகீழாகப் பிடித்த செய்தித்தாளோடு வாசல் பக்கமே உட்கார்ந்திருந்தார். மன்னி குழந்தையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது தூங்கினால் எழுப்பினாள். எழுந்தால் மார்பில் வைத்தாள், குடித்தால் எடுத்தாள், எடுத்தால் அது வாயைப் பிளந்து அலறியது. அலறினால் அவள் முகம் மலர்ந்தது. மறுபடி வைப்பாள், மறுபடி எடுப்பாள். அந்தக் குழந்தையைப் போல ஒரே நாளில் அத்தனை தடவை ஏமாற்றப்பட்டவன் எவனும் இருக்க மாட்டான்.

கீழ் மாடியிலிருந்து ராமநாதன் ஆள் அனுப்பினார், குழந்தை ஏன் இப்படிக் கத்துகிறது, ஏதாவது செய்யக் கூடாதா என்று.

"கத்தட்டும்," என்றாள் மன்னி.

பதினோராம் நாள் புண்யாகவசனம். தீட்டுக் கழிந்து கட்டடமே வந்தது. பாகீரதி மாமி பழைய பாக்கிகளை மறந்து, பழனி விபூதியோடு முன்னால் வந்து உட்கார்ந்தாள். துணியை விலக்கிக் குழந்தையின் தொப்புளுக்குக் கையைக் கொண்டு போனாள். மன்னி அந்தக் கையை நடுவழியில் பிடித்துக்கொண்டாள்.

"நெத்தியில இடுங்கோ மாமி. அது போறும்."

மாமிக்கு முகம் விழுந்துவிட்டது. நெற்றியில் இட்டாள். இட்ட விபூதி பளிச்சென்று தெரிந்தது, அப்படி ஒரு கறுப்பு குழந்தை. பெரியவரை உரித்து வைத்தாற்போல இருந்தது. ஆனால் கட்டடத்துக்கு அவர் ஞாபகம் வரவில்லை.

"நான் அப்பவே சொன்னேன், யார் கேட்டா?" என்றாள் மாமி. "மாத்திரையை முழுங்கினியே, இப்பப் பாரு. முன்னாடி ரெண்டும் எப்படிச் செவேல்னு இருந்துதுன்னு சொல்லுவே."

அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் அதுவரை மன்னியைத் தவிர யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. பெரியவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். நான் மன்னியைப் பார்த்தேன்.

மன்னி குழந்தையைத் துணியோடு சேர்த்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"செவப்பா இருந்ததையெல்லாம் குடுத்தாச்சு மாமி. இது கறுப்பாவே இருந்துட்டுப் போகட்டும்."

குழந்தை வாயைப் பெரிதாகத் திறந்து அழ ஆரம்பித்தது. அன்றைக்கும் மன்னி சமாதானப்படுத்தவில்லை.